அச்சில் வந்ததெல்லாம் உண்மையா?



சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாகப் பாலம் கடந்து ஜோர்ஜ்டவுனுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலையருகே எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, “1786-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் இத்தீவில் கொடியேற்றியவர் இவர்தாம். முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறினேன். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். “ஐயா, அந்தக் காலத்தில் புகைப்படக் கருவி இல்லையே! இவருடைய முகம் இப்படித்தான் இருந்தது என்று சிலை செய்தவருக்கு எப்படித் தெரிந்தது?” என்று வினவினாள்.

எனக்கு விடை தெரியவில்லை. “யாராவது ஓவியம் தீட்டி வைத்திருப்பார்கள்” என்று சொல்லிச் சமாளித்தேன். ஆயினும் மனம் அமைதி கொள்ளவில்லை. அன்றிரவே புத்தகங்களைப் புரட்டினேன், இணையத்திலும் தேடினேன். அச்சிலை, பினாங்கின் 150-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1936-இல் அமைக்கப்பட்டது. லைட் மறைந்ததோ 1794 அக்டோபர் 21-ஆம் நாள். இரண்டுக்கும் இடையே 142 ஆண்டுகள்! அவருடைய உருவப்படம் ஒன்றும் சிற்பிக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவருடைய மகன் வில்லியம் லைட்டின் சாயலை வைத்து அம்முகத்தைச் செய்துவிட்டார். அந்த வில்லியம் லைட், ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகருக்கு இடம் தேர்ந்து திட்டம் வகுத்தவர். அவருக்கு உருவப்படங்கள் உண்டு. ஆக, தந்தையின் பெயரைத் தாங்கி நிற்பது மகனின் முகம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த நாள்முதல், எத்தனை வகுப்புகளுக்கு அச்சிலையின் படத்தைக் காட்டி “இவர்தாம் லைட்” என்று சொல்லியிருப்பேன்! எண்ணிப் பார்த்தபோது நாணமாக இருந்தது. வெண்கலத்தில் வார்த்து, பீடத்தில் ஏற்றி, பெயரும் பொறித்துவிட்டால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். நாற்பது பேர் இருந்த கூட்டத்தில் ஒரு சிறுமிக்குத்தான், “இது எப்படித் தெரியும்?” என்று கேட்கத் தோன்றியது.

மாணவர்களே, நீங்கள் வரலாற்றுப் பாடத்துக்குத் திரட்டேடு தயாரிக்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வியும் அதுவே. நான் உங்கள் வயதில் படித்த காலத்தில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கு நூலகம் என்று இருந்தது பூட்டுப் போட்ட ஓர் அலமாரி மட்டுமே. செய்தி கிடைப்பதே அரிது. கிடைத்ததைச் சோதிப்பது பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்றோ கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரம் பக்கங்கள் வந்து கொட்டுகின்றன. கொட்டுவதில் நெல் எது, பதர் எது என்று புடைத்துப் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

பினாங்கின் கதையையே எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு ஒரு மாணவன் தன் திரட்டேட்டில், லைட் பினாங்கில் இறங்கிய நாள் 1786 ஜூலை 17 என்று எழுதியிருந்தான். அவன் பக்கத்து மேசைக்காரன், ஆங்கிலேயர் பினாங்கைத் தமதாக்கிக்கொண்ட நாள் 1786 ஆகஸ்டு 11 என்று எழுதியிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் “உன்னுடையது பிழை” என்று குற்றஞ்சாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். இருவருமே பிழை செய்யவில்லை. லைட் தம் ஆட்களுடன் கரையிறங்கியது ஜூலை 17. காட்டை வெட்டித் திருத்திய பின், முறைப்படி கொடியேற்றித் தீவைக் கும்பினியின் பெயரால் ஏற்றுக்கொண்டது ஆகஸ்டு 11. மறுநாள் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசருக்குப் பிறந்தநாள். அதனால்தான் தீவுக்கு ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்று பெயரிட்டார்கள். நகரத்துக்கு வைத்த பெயரோ அவருடைய தந்தையார் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். இரு நூல்கள் இருவேறு நாள்களைச் சொன்னால், உடனே ஒன்றை அடித்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பட்ட நாள் 1816 அக்டோபர் 21. லைட் இறந்ததும் ஓர் அக்டோபர் 21 என்று மேலே சொன்னேன். இதைக் கண்டால், எவரோ ஒரு தேதியைப் பார்த்து மற்றதைத் தவறாக எழுதிவிட்டார் என்று ஐயுறத் தோன்றும். இல்லை, இது தற்செயல்தான். ஐயப்படுவது நல்லது. ஆனால் ஐயப்பட்ட உடனேயே தீர்ப்பும் எழுதிவிடக் கூடாது.

நாள்கணக்கைவிட உன்னிப்பாகப் பார்க்க வேண்டியவை வினைச்சொற்கள். ‘லைட் பினாங்கைக் கண்டுபிடித்தார்’ என்று இன்றும் பல இடங்களில் படிக்கிறோம். லைட் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1592-இல், ஜேம்ஸ் லங்காஸ்டர் என்னும் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் இத்தீவில் வந்து தங்கியிருக்கிறார். அதற்கும் முற்பட்ட சீனக் கடற்பயண வரைபடத்தில் இத்தீவு பாக்குத் தீவு என்னும் பொருள்படும் பெயருடன் காணப்படுகிறது. பத்து உபானில் உள்ள பள்ளிவாசலின் வரலாறு 1734-இல் தொடங்குவதாக அவ்வூர் மலாய் மக்கள் சொல்கிறார்கள். பெயர் வைத்துவிட்ட ஒரு தீவை, மக்கள் குடியிருந்த ஒரு கரையை, வேறொருவர் வந்து எப்படிக் ‘கண்டுபிடிக்க’ முடியும்?

அப்படியானால் ‘ஆளில்லாத காடு’ என்று எழுதியவர்கள் யாவர்? பெரும்பாலும் கும்பினியைச் சேர்ந்தவர்களும், அவர்களுடைய எழுத்தை வைத்து எழுதியவர்களும். ஆளில்லாத நிலம் என்றால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை அல்லவா? தீவு கெடா சுல்தானுக்கு உரியது. சயாமின் படையெடுப்பிலிருந்து தமக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தே சுல்தான் அப்துல்லா இடம் கொடுக்க இசைந்தார். அந்தப் பாதுகாப்புக்குக் கும்பினி உடன்படவில்லை. அவ்விவரத்தை லைட் சுல்தானுக்குத் தெளிவாகச் சொல்லவுமில்லை. ஏமாற்றமடைந்த சுல்தான் 1791-இல் தீவை மீட்கப் படை திரட்டித் தோல்வியுற்றார். அவ்வாண்டு மே மாதம் 1-ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அவருக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று முடிவாயிற்று. ‘சுல்தான் தீவைக் கொடுத்தார்’ என்னும் ஒரே வரிக்குள் எத்தனை செய்திகள் மறைந்துவிட்டன, பாருங்கள். கும்பினி எழுதியதை மட்டும் படித்தால் ஒரு கட்சியின் வாதத்தை மட்டும் கேட்ட நீதிபதி ஆவோம். நல்ல வேளையாக, மலாய் அரசர்களும் பெரியோரும் வணிகரும் லைட்டுக்கு எழுதிய மலாய்க் கடிதங்கள் ஆயிரத்துக்கும் மேல் லண்டனில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அறிஞர்கள் அவற்றைப் படித்து மறுபக்கத்தையும் எழுதி வருகிறார்கள்.

ஒரு சார்பான ஏடு என்பதனாலேயே அதைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. அதே லைட் 1794-இல் எழுதிய அறிக்கை ஒன்றில் நம்மவரைப் பற்றிக் கூறுகிறார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுட் பெரும்பாலோர் முன்பே கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள். ஆண்டுதோறும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவந்து இறக்குகின்றன. அவர்கள் சில வெள்ளிகள் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்ப, வேறு சிலர் வருகிறார்கள் என்பது அதன் சாரம். தமிழர் இம்மண்ணில் ஆங்கிலேயருக்கு முன்பே இருந்தனர் என்பதற்கு அந்த ஆங்கிலேயரே தந்த வாக்குமூலம் இது! தமக்கு ஆதாயமில்லாத ஒன்றை ஒருவர் போகிற போக்கில் சொல்லும்போது அதற்கு மதிப்பு மிகுதி. ஆனால் ஒன்று: அக்குறிப்பில் எண்ணிக்கை இருக்கிறது, சூலியர் ஒருவருடைய பெயரும் இல்லை. இதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிறர் எழுதியதை ஐயுறுவது எளிது. நமக்கு இனிக்கின்ற செய்தியைச் சோதிப்பதுதான் கடினம். இராசேந்திர சோழன் கடாரம் வென்றான் என்று படிக்கும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. அதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்வெட்டு இருக்கிறது. 1025-ஆம் ஆண்டையொட்டி நடந்த படையெடுப்பை அது சொல்கிறது. கடாரம் என்பது நம் அண்டை மாநிலமான கெடா என்றே அறிஞர் பலரும் கொள்கின்றனர். இதுவரை சரி. ஆனால் புலனத்தில் வரும் செய்திகளோ, சோழர்கள் இந்நாடு முழுவதையும் நூற்றாண்டுக் கணக்கில் கட்டியாண்டதாக முழங்குகின்றன. கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. அது படையெடுத்து வென்ற ஊர்களை அடுக்குகிறது. கடாரத்து மன்னனைச் சிறைப்பிடித்ததைப் பாடுகிறது. நிலைத்து ஆண்டதைப் பேசவில்லை. மேலும், அது மன்னனின் மெய்க்கீர்த்தி. தன் தோல்வியைக் கல்லில் வெட்டி வைத்த மன்னன் உண்டா? இன்னொரு சான்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரிலே பாதுகாக்கப்பட்டு வந்த சோழர் செப்பேடுகள், இராசேந்திரனின் தந்தை இராசராசன் காலத்தில் கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பியதையும், அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தானமாக அளித்ததையும் கூறுகின்றன. போருக்கு முன் நட்பு இருந்திருக்கிறது! ஒரே சான்றோடு நின்றுவிட்டவன் இதை அறியவே மாட்டான்.

இப்படியே இன்னொன்று. நியூசிலாந்தில் 1836-இல் வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார், மாவோரி மக்கள் சமையல் பாத்திரமாகப் பயன்படுத்திய உடைந்த வெண்கல மணி ஒன்றைக் கண்டார். அதில் பழைய தமிழெழுத்தில் முகைதீன் பக்சு என்பாருடைய கப்பலின் மணி என்று பொறித்திருந்தது. இன்று அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதை வைத்து, ‘நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவன் தமிழன்’ என்று எழுதிவிட்டார்கள். மணி நமக்குச் சொல்வது கப்பல் உடையவரின் பெயரை மட்டுமே. அக்கப்பலே அங்குப் போயிற்றா, மணி கைமாறிக் கைமாறிப் போயிற்றா என்பதை அது சொல்லவில்லை. சொல்லாததை நாம் சொல்ல வைக்கலாகாது. எனக்கும் ஆசைதான், ஆசை வேறு, சான்று வேறு.

நிற்க. இணையத்தைப் பற்றி ஆசிரியர்கள் சிலர் ‘அதைத் தொடாதே’ என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அரிய கட்டுரைகள் பல உள்ளன. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், திருத்தலாம் என்பது அதன் பலம், பலவீனமும் அதுவே. ஆயினும் அச்சு நூலில் இல்லாத ஒரு வசதி அதில் உண்டு. பக்கத்தின் மேற்புறத்தில் ‘வரலாறு’ என்றிருப்பதைத் தொட்டால், எவர் எந்நாளில் எதை மாற்றினார் என்பது முழுவதும் தெரியும். கீழே அடிக்குறிப்புகள் இருக்கும். ஒரு வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு இருந்தால் அங்கே சென்று பாருங்கள்; இல்லாவிட்டால் அவ்வாக்கியத்தை இன்னும் சோதிக்கப்படாத சரக்காக வையுங்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசு இதழ்களை இணையத்தில் பார்க்கும்படி செய்திருக்கிறது. 1935-இல் தொடங்கிய அவ்விதழின் பக்கங்களை நம் தோட்டத்திலிருந்தே படிக்கலாம். இதைவிடப் பெரிய வரம் ஏது?

ஒரே செய்தி பத்து இணையப் பக்கங்களில் இருப்பதால் அதற்குப் பத்துச் சாட்சிகள் என்று எண்ணாதீர்கள். எழுத்துப்பிழை உட்பட ஒன்றுபோலவே இருந்தால், ஒன்பது பேர் ஒருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். தேர்வில் உங்களை நான் கண்டுபிடிப்பதும் அவ்வழியில்தான்! கேட்ட கேள்விக்கெல்லாம் நொடியில் விடை எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அவை தெரியாததையும் தெரிந்தது போலவே சரளமாக எழுதும். இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும்கூடத் தந்துவிடும். அந்த நூலை நூலகத்தில் தேடிப் பார்க்கும்வரை அது நூல் அன்று.

பெற்றோர்களே, இது பிள்ளைகளின் பாடத்தோடு முடிகின்ற காரியம் அன்று. முன்பொரு முறை, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடும் தடுப்பூசிக்கான இசைவுப் படிவத்தில் கையொப்பமிட ஒரு தந்தையார் மறுத்துவிட்டார். காரணம் கேட்டேன். கைப்பேசியை நீட்டினார். அதில் ஒரு குரல்பதிவு. பேசியவர் தம்மைப் பெரிய மருத்துவர் என்று சொல்லிக்கொண்டார். எந்த மருத்துவமனை, என்ன பெயர் என்று ஒன்றுமில்லை. “உங்களுக்கு இதை அனுப்பியவர் யார்?” என்றேன். “மச்சான்.” “அவருக்கு?” “தெரியலீங்க ஐயா.” அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைமேல் கொண்ட அன்பினால்தான் அஞ்சினார். அரசாங்கக் கிளினிக்கின் தாதியிடம் அழைத்துச் சென்றேன், கேட்க வேண்டியதையெல்லாம் அரைமணி நேரம் கேட்டார், பிறகு கையொப்பமிட்டார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். விசாரிக்க இடமும் இருக்கிறது. புலனத்தில் உலவும் பொய்ச் செய்திகளை மறுத்து உண்மையை வெளியிடுவதற்கென்றே நம் நாட்டின் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் ‘செபெனார்ஞா’ என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. அது மலாய்மொழியில் உள்ளது. உங்கள் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

இனி, பெயரில்லாத அந்த ஆயிரம் சூலியருக்கு வருகிறேன்.

சிலை பற்றிக் கேட்ட அதே மாணவி, ஆறாம் ஆண்டில் நம் பள்ளியின் வரலாற்றைத் திரட்டேட்டுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டாள். மலேசியாவில் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு 2016-இல் கொண்டாடப்பட்டதை அவள் முதலில் எழுதியிருந்தாள். அந்தக் கணக்கு 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணப்படுவது. அஃது ஆங்கிலப் பள்ளி ஒன்றனுள் நடந்த வகுப்பு, தனித்த தமிழ்ப்பள்ளி அன்று என்பதையும் தவறாமல் குறித்திருந்தாள். அடுத்து நம் பள்ளிக்கு வந்தபோது சிக்கிக்கொண்டாள். நுழைவாயிற் பலகையில் ஓர் ஆண்டு பொறித்திருக்கிறது. அலுவலகத்தில் இருக்கும் பழைய சேர்க்கைப் பதிவேட்டிலோ, அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே மாணவர் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எது சரி?

நானும் விடை சொல்லவில்லை. “உன் பாட்டியைக் கேட்டாயா?” என்றேன். பாட்டி இத்தோட்டத்திலேயே பிறந்து, பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். எழுதப் படிக்க அதிகம் தெரியாது. “பாட்டி சொல்வதைத் திரட்டேட்டில் எழுதலாமா ஐயா? அது புத்தகத்தில் இல்லையே!” என்றாள். எழுதலாம் என்றேன், ஆனால் பாட்டியிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்: நீங்களே பார்த்ததா, பிறர் சொல்லக் கேட்டதா? அப்போது உங்களுக்கு என்ன வயது? பக்கத்தில் இருந்தவர் யார்?

பாட்டி சொன்னார்: “அப்போ ஏது கட்டடம்? ஆயாக் கொட்டகையிலதான் வாத்தியார் பாடம் எடுத்தாரு. ஒரு பக்கம் புள்ளைங்க தூளியில அழும், ஒரு பக்கம் நாங்க அரிச்சுவடி படிப்போம். பெறகுதான் துரை பலகைக் கட்டடம் கட்டிக் கொடுத்தாரு.” அப்படியானால் பலகையில் உள்ளது கட்டடம் எழுந்த ஆண்டு; பதிவேட்டில் உள்ளது வகுப்பு தொடங்கிய காலம். ஜூலை 17-உம் ஆகஸ்டு 11-உம் போலத்தான்! பாட்டியோடு படித்த இன்னொரு மூதாட்டி இப்போது பட்டர்வொர்த்தில் மகன் வீட்டில் இருக்கிறார். மாணவியின் தந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே அழைத்துச் சென்றார். தனியாகக் கேட்டபோது அவரும் ஆயாக் கொட்டகையையே சொன்னார். தூளியைப் பற்றிச் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகிய கூரையைச் சொன்னார். ஒன்றுபோலவே ஒப்பிக்காமல், அவரவர் கண்டதை அவரவர் சொல்லி, அடிப்படை ஒத்துப்போனது எனக்கு நிறைவாக இருந்தது.

அத்திரட்டேடு இப்போது நம் நூலகத்தில் இருக்கிறது. அதில் கார்ன்வாலிஸ் கோட்டைச் சிலையின் படத்தின் கீழ், ‘பிரான்சிஸ் லைட்டின் சிலை, 1936. முகம் அவர் மகன் வில்லியமின் சாயல்’ என்று எழுதியிருக்கிறது. பள்ளி பற்றிய பக்கத்தின் அடியில், ‘கூறியவர் என் பாட்டி. அப்போது அவருக்கு ஏழு வயது. தாமே அங்குப் படித்தவர்’ என்று எழுதியிருக்கிறது.

நுழைவாயிற் பலகையை நாங்கள் இன்னும் மாற்றவில்லை. ஏனெனில் அப்பழைய பதிவேட்டின் முதல் இரண்டு தாள்களைக் கறையான் தின்றுவிட்டது; அவற்றில் யார் யார் பெயர் இருந்தனவோ, வகுப்பு அதற்கும் முன்பே தொடங்கியதோ தெரியவில்லை. இத்தோட்டத்தில் வாழ்ந்து வெளியேறிய குடும்பங்களில் எவரிடமேனும் அக்காலத்துப் பள்ளிச் சான்றிதழோ, சம்பளத் துண்டோ, பிள்ளைகள் வரிசையாக நிற்கும் புகைப்படமோ இருக்குமாயின், படத்தின் பின்புறம் எழுதியிருப்பதை அழித்துவிடாமல் பள்ளி அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.